வெறும் எடை

"எவ்வளவு?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டார் எடைக்காரர்.

கீழே குனிந்து பார்க்க வழியில்லை. மூட்டை என்ற முப்பது கிலோ நாய் அவர் மார்பில் கவிழ்ந்து கிடந்தது. அதன் வால் அவர் முழங்காலில் பட்பட்டென்று அடித்தது. குளியலறை வாசலில் கிடந்த எடை மெஷின்மேல் அவர் இரண்டு பாதங்களையும் ஒட்டிவைத்து நின்றிருந்தார்.

"ஆடாம நில்லுங்க. மூட்டை, நீயும்தான்." மனைவி தரையில் குத்தவைத்து எண்ணைப் படித்தாள். "நூத்தி ரெண்டு புள்ளி ஆறு."

"இன்னொரு தடவை."

இறங்கினார், ஏறினார். அதே எண்.

நாயை இறக்கிவிட்டுச் சுவரைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். மூச்சு அடங்கியதும் ஃப்ரிட்ஜ் மேலிருந்த நீல அட்டை நோட்டை எடுத்து 102.6 என்று எழுதினார். அதன் அடியில் 74.0. கோடு போட்டுக் கழித்தார். 28.6. போன ஞாயிறு 29.1. அதற்கு முந்தின ஞாயிறு 29.5. பச்சைக்கறி ஆரம்பித்த அன்று, நாய்க்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவின் எடை மேடையில் சுளையாக 30.

"குறையுது," என்றார்.

"என் கண்ணுக்கு அப்படித் தெரியல. பெருத்துதான் இருக்கு."

"அது ரோமம். நீ கண்ணால பாக்கற. நான் மெஷின்ல பாக்கறேன்."

எண்ணோடு வாதம் பண்ணி அவரை ஜெயித்தவர் அந்த வீட்டில் யாரும் கிடையாது. கல்யாணமாகிப் போன மகள்கூட போனில், "அப்பாகிட்ட காய்ச்சல்னு மட்டும் சொல்லிடாதீங்கம்மா, எத்தனை டிகிரின்னு கேட்டே உயிரை எடுப்பார்," என்பாள்.

இருபத்தேழு வருஷமாக அவருக்கு எடை பார்ப்பதுதான் பிழைப்பு. கான்கிரீட் கலவை போடும் ஆலையின் வாசலில் லாரி ஏறி நிற்கும் இரும்பு மேடை ஒன்று உண்டு. பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குக் கண்ணாடி அறை. குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றி வரும் லாரிகள் மேடையில் ஏறும், அவர் எண்ணைப் பார்த்துச் சீட்டு எழுதுவார், வண்டி உள்ளே போகும். ஒவ்வொரு லாரியையும் லோடு இறக்கின பிறகு மறுபடி நிறுத்தி எடை போட்டால் வாசலில் நாற்பது வண்டி வரிசை கட்டி நின்று ஆரன் அடிக்கும். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை, ஆரம்பத்தில், லாரியைக் காலியாக ஏற்றி அதன் வெறும் எடையைப் பார்த்துக் கதவில் பெயின்டால் எழுதிவிடுவார்கள். அப்புறம் வருஷம் பூராவும் மேடையில் தெரியும் எண்ணிலிருந்து கதவிலிருக்கும் எண்ணைக் கழித்தால் சரக்கின் எடை வந்துவிடும்.

மூட்டைக்கும் அவர் அதைத்தான் செய்தார். வீட்டு மெஷின் சின்னது. நாய் அதன்மேல் தனியாக நிற்காது, ஒரு கால் வைத்தால் மூன்று கால் தரையில் இருக்கும். ஆகவே அவர் லாரி, நாய் சரக்கு. லாரியின் வெறும் எடை எழுபத்து நாலு. ஆலையில் வருஷ ஆரம்பத்தில் எல்லோருக்கும் நடக்கிற மருத்துவச் சோதனையில் பதினோரு வருஷமாக அவர் எடை எழுபத்து நாலுதான். நர்ஸ் சிரித்துக்கொண்டே, "உங்களை எடைக்கல்லா வெச்சுக்கலாம்," என்று சொன்னதை அவர் வீட்டில் இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறார்.

பச்சை இறைச்சிக்கு நாயை மாற்றினது அவர் ஆசைப்பட்டு இல்லை. கடையில் வாங்கிப் போட்ட உருண்டைத் தீனி மூட்டைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தோல் புண்ணாகி, இரவும் பகலும் சொறிந்து, முதுகில் வட்டம் வட்டமாக முடி கொட்டியது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "பச்சைக்கறி குடுத்துப் பாருங்க. ஆனா ஒண்ணு. அளவு தப்பினா இது மத்த தீனியைவிட மோசம். எலும்பு கூடினா மலம் கட்டிக்கும். ஈரல் கூடினா விஷம். கைக்கு வந்ததை அள்ளிப் போடற வீடுன்னா இப்பவே சொல்லிடுங்க, வேண்டாம்," என்றார்.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

அள்ளிப் போட்டுத்தான் முந்தின நாயைக் கொன்றார்கள். அது கேட்டது, இவர்கள் கொடுத்தார்கள். தட்டில் மிஞ்சியது, சட்டியில் ஒட்டியது, அது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் இன்னும் ஒரு கை. பீப்பாய் மாதிரி ஆகி, பின்னங்கால் விழுந்து, கடைசியில் எதுவுமே வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்போது நாய்க்குப் பார்த்த கிழ டாக்டர் அதன் வயிற்றை அமுக்கிப் பார்த்துக் கை கழுவிக்கொண்டே, "இனிமே அளவெல்லாம் பாக்க வேண்டாம். கேட்டதைக் குடுங்க," என்றார். அவர்களுக்குச் சந்தோஷம். டாக்டரே சொல்லிவிட்டார், தேறிவிட்டது என்று நினைத்து வரும் வழியில் ரொட்டி வாங்கினார்கள். ஒன்பது நாள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பது பத்தாவது நாள் குழி தோண்டும்போது புரிந்தது.

அதனால் இந்தத் தடவை நோட்டு. நாய் இருக்க வேண்டிய எடையில் நூற்றுக்கு இரண்டரை பங்கு ஒரு நாள் தீனி. முப்பது கிலோவுக்கு எழுநூற்றைம்பது கிராம். அதில் பத்தில் எட்டு பங்கு சதை, இதயமும் அதில் சேர்த்தி: அறுநூறு. ஒரு பங்கு மெல்லக்கூடிய எலும்பு: எழுபத்தைந்து. மிச்ச ஒரு பங்கில் பாதி ஈரல், பாதி வேறு உறுப்பு. முப்பத்தேழரை, முப்பத்தேழரை. அரை கிராமுக்காக அவர் சமையலறை தராசு ஒன்று புதிதாக வாங்கினார். மனைவிக்குச் சிரிப்பு.

"அரை கிராம் ஈரலை எப்படிங்க வெட்டுவீங்க? நகத்தாலயா?"

"ஒரு நாள் முப்பத்தேழு, மறுநாள் முப்பத்தெட்டு. வாரத்துல சமமாயிடும்."

"ஏழு நாள் வாரங்க. ஒத்தப்படை."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "ரெண்டு வாரத்துல சமமாயிடும்," என்றார். சிரிக்கவில்லை.

அந்த ஞாயிறு 28.6 வந்ததும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். கார் என்றாலே மூட்டை நுரை கக்கி, சிறுநீர் விட்டு, அரைப் பிணமாகிவிடும். அதனால் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அவர் எண் சொல்வார், டாக்டரம்மா சதவீதம் சொல்வார்.

"குறையுதா? சில நாய்க்கு உடம்புச் செலவு ஜாஸ்தி. மூணு சதவீதம் ஆக்குங்க. ஆனா கணக்கை முப்பது கிலோவுக்கே போடுங்க. குறைஞ்ச எடைக்குப் போட்டீங்கன்னா நாய் இளைக்க இளைக்கத் தீனியும் இளைக்கும். அப்புறம் சுழல்ல விழுந்த கதை."

"அது தெரியும் டாக்டர்," என்றார். தொள்ளாயிரம் கிராம் என்று எழுதினார்.

கறிக்கடைக்காரனுக்கு அவரைக் கண்டால் கொண்டாட்டம். அவன் கை விரலில் பாதி எப்போதோ கத்திக்குப் போயிருந்தது, வாய் மட்டும் முழுசாக இருந்தது.

"வாங்கண்ணே. இன்னைக்கு என்ன, சுவரொட்டி நாப்பத்தஞ்சு கிராமா? இந்தத் தொழில்ல மண்ணீரலைக் கிராம் கணக்குல கேட்ட ஒரே மனுஷன் நீங்கதான். நகைக்கடைக்குப் போக வேண்டியவர் வழி தவறி இங்க வந்துட்டீங்க."

"வாரத்துக்கு முன்னூத்தி பதினஞ்சு. ஈரலும் அதே. எலும்புக்குக் கோழிக் கழுத்து அறுநூத்தி முப்பது. இதயம் ஒண்ணரைக் கிலோ. மிச்சம் சதை, கொழுப்பில்லாம."

"நாய்க்கா, மருமகனுக்கா?"

"மருமகன் இதுல பாதிகூட யோக்கியதை இல்லாதவன்."

கடைக்காரன் சிரித்துக்கொண்டே வெட்டினான். பையைக் கொடுக்கும்போது அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தான். நாள் பூராவும் தொங்கும் உடல்களைப் பார்க்கிறவன் பார்வை.

"அண்ணே, நீங்களும் ரெண்டு துண்டு சாப்பிடுங்க. கன்னம் ஒட்டிப்போச்சு."

"நாய் இப்படி இருக்கும்போது தொண்டைல என்ன இறங்கும்," என்றார்.

அதைத்தான் மனைவியிடமும் சொன்னார். மதிய டப்பா பாதி திரும்பி வந்தது. இரண்டு வாரத்தில் முக்கால்வாசி திரும்பி வந்தது. பெல்ட்டில் ஆணியை வைத்து அடித்துப் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டார். பிறகு இன்னொன்று. முதுகுக்கும் வயிற்றுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு வலி வந்து குடியேறியது. நாயைத் தூக்கினதில் பிடித்துக்கொண்டது என்றார். தைலம் தேய்த்தாள்.

ஏழாவது ஞாயிறு 27.1. மூன்றரை சதவீதம். ஆயிரத்தைம்பது கிராம். இப்போது நாயைத் தூக்கி நிற்பதே பாடாக இருந்தது. முதல் தடவை தூக்கும்போது கை நழுவியது. இரண்டாம் தடவை முழங்கால் நடுங்கியது.

"ஏங்க," என்றாள் மனைவி, எண்ணைப் படித்துவிட்டு எழாமலே. "இளைக்கிற நாய் எப்படிங்க கனக்கும்?"

"எனக்கு வயசாகுது."

"போன மாசம் வயசாகலையா?"

"எழுது. நூத்தி ஒண்ணு புள்ளி ஒண்ணு. நான் கை கழுவணும்."

அவள் எழுதினாள். மூட்டை சமையலறையில் போய்த் தராசு முன்னால் உட்கார்ந்துகொண்டது. அதற்கு நேரம் தெரியும்.

அதே வாரத்தில்தான் ஆலையில் சுருட்டையோடு சண்டை வந்தது. சுருட்டை ஜல்லி லாரி டிரைவர், தலைமுடிக்காக வந்த பெயர். மூன்று வாரமாக அவன் வண்டியில் குறைந்தது. குவாரிச் சீட்டில் பதினெட்டு டன் என்றிருக்கும், இங்கே கழித்துப் பார்த்தால் நானூறு கிலோ காணாமல் போயிருக்கும். ஒவ்வொரு நடையிலும் ஏறத்தாழ அதே நானூறு.

"வழில எங்க இறக்கற?" என்றார் எடைக்காரர், கண்ணாடியை நகர்த்தி.

"எதை?"

"என்னைப் பாத்தா எப்படித் தெரியுது உனக்கு? நானூறு கிலோ ஜல்லி காத்துல கரையுமா?"

சுருட்டை வண்டியை விட்டு இறங்கி வந்தான். கோபத்தில் மூக்கு விடைத்திருந்தது. "அண்ணே, என் பிள்ளைங்க மேல சத்தியமா ஒரு கல்லு கீழ விழல. சந்தேகமா இருந்தா இறக்கிட்டு வரேன், காலி வண்டியைப் போட்டுப் பாருங்க. வரிசை நிக்குதுன்னு சாக்கு சொல்லாதீங்க. திருடன் பட்டம் கட்டும்போது வரிசை ஞாபகம் வரலையே உங்களுக்கு."

பின்னால் ஆரன் அலறியது. இருந்தும் போட்டுப் பார்த்தார். கதவில் 9,840 என்று எழுதியிருந்தது. மேடை 9,440 என்றது.

இருவரும் வண்டியைச் சுற்றி வந்தார்கள். பக்கப் பலகைக்கு இருந்த பழைய கனத்த இரும்புத் தகடு போய், மெல்லிய தகடு ஏறியிருந்தது. லாரி முதலாளி பட்டறையில் விட்டபோது மாற்றியிருக்கிறார்கள். பின்னால் இருந்த கருவிப் பெட்டியும் இல்லை.

"பாத்தீங்களா? லோடு குறையல. வண்டி இளைச்சிருக்கு."

"வண்டி இளைச்சா வந்து சொல்லணும்ல?"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? தினமும் அதுக்குள்ளேயே உக்காந்திருக்கேன்."

எடைக்காரர் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வழக்கம் அவருக்குக் கிடையாது. பெயின்ட் டப்பாவை எடுத்து வந்து, கதவில் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணைத் தன் கையாலேயே எழுதினார். மூன்று வாரச் சீட்டையும் திருத்திக் கொடுத்தார். குனிந்து எழுதி நிமிரும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. லாரி டயரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பதினோராவது ஞாயிறு 99.2 என்றாள் மனைவி. 25.2.

இந்தத் தடவை டாக்டரம்மா உடனே சதவீதம் சொல்லவில்லை.

"நாலு சதவீதம் போட்டும் குறையுதா? ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கிராம். எல்லாத்தையும் சாப்பிடுதா?"

"கிண்ணத்தை நக்கி வெச்சிடுது."

"வாந்தி?"

"இல்ல."

"இவ்வளவு தின்னும் நாய் இளைக்குதுன்னா உள்ள வேற எதோ அந்தத் தீனியைத் தின்னுதுன்னு அர்த்தம். கட்டியா இருக்கலாம். இனிமே போன் வேண்டாம், தூக்கிட்டு வாங்க. பாத்துட்டு..." டாக்டரம்மா ஒரு நொடி நிறுத்தினார். "ரொம்பப் பரவியிருந்தா கஷ்டப்பட விடாம அன்னைக்கே ஊசி போட்டுடறது நல்லது. வீட்ல பேசிட்டு வாங்க."

வீட்டில் பேச என்ன இருக்கிறது? அவர் சொன்னார், அவள் கேட்டாள். பிறகு அவள் சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தைத் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்க்கிற சத்தம் வந்தது. அவர் தோட்டத்து மூலையில் பழைய நாயைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் அளந்து, நாலுக்கு இரண்டரை அடி என்று குச்சியால் கோடு போட்டார். மண்வெட்டியை எடுத்து நாலு கொத்து போட்டதும் உட்கார்ந்துவிட்டார். மூட்டை வந்து அந்தக் கோட்டுக்குள் படுத்து, முதுகை மண்ணில் தேய்த்துக் காலை ஆட்டியது. முடியெல்லாம் வளர்ந்து முதுகு மினுங்கியது. புண் இருந்த அடையாளமே இல்லை.

"எழுந்திருடா," என்றார். அது எழுந்திருக்கவில்லை.

மறுநாள் ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு வாடகைக் காரில் கொண்டுபோனார்கள். நாய் வழியெல்லாம் நுரை கக்கியது. மனைவி மடியில் துணி விரித்து அதன் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி போடுவதானால் அவரும் உள்ளே நிற்பதா வேண்டாமா என்று அவள் கேட்டாள். நிற்பேன் என்றார். அவள் தலையாட்டினாள்.

டாக்டரம்மாவின் அறையில் தரையோடு தரையாகப் பதித்த மேடை. நாய்க்கு அது மேடை என்றே தெரியாது. மூட்டை அதன்மேல் நடந்து போய், மூலையிலிருந்த குப்பைத் தொட்டியை முகர்ந்தபடி நின்றது.

சுவரில் சிவப்பு எண் வந்தது. 34.2.

டாக்டரம்மா எண்ணைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். குனிந்து விலாவில் விரலை அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று.

"இதா இளைச்ச நாய்?"

"உங்க மெஷின் தப்பு," என்றார் எடைக்காரர்.

"தப்பா? விலா எலும்பே கைக்குத் தட்டுப்படலைங்க. இது தொழிற்சாலை முதலாளி மாதிரி இருக்கு."

மனைவிக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் அதோடு சேர்ந்துவந்தது. தரையில் உட்கார்ந்து நாயைக் கட்டிக்கொண்டாள். "அடப்பாவி மூட்டை. குழிக்குக் கோடெல்லாம் போட்டு வெச்சிருக்காருடா உனக்கு. நான்தான் சொன்னேன்ல, பெருத்துதான் இருக்குன்னு நான்தான் சொன்னேன்ல."

எடைக்காரர் சிரிக்கவில்லை. அலமாரியில் பிரிக்காத தீனிச் சாக்கு ஒன்று இருந்தது, மேலே பத்து கிலோ என்று அச்சடித்தது. நாயை நகர்த்திவிட்டு அதை இழுத்து வந்து மேடையில் வைத்தார். 10.1. சாக்கின் எடை நூறு கிராம். மெஷின் சரி.

"வீட்ல எப்படி எடை போடறீங்க?" என்றார் டாக்டரம்மா.

"நாயைத் தூக்கிட்டு ஏறுவேன். என் எடையைக் கழிப்பேன்."

"உங்க எடையை எப்பப் பாத்தீங்க?"

அவருக்கு அந்த நேரம் சுருட்டையின் லாரிக் கதவு கண்முன் வந்தது. பழைய எண்ணின்மேல் அவரே அடித்த கோடு. லோடு குறையல, வண்டி இளைச்சிருக்கு. மெஷினில் ஏற வேண்டிய அவசியம்கூட இல்லை, கணக்கு மனசிலேயே ஓடிவிட்டது. தொண்ணூற்றொன்பது புள்ளி இரண்டில் முப்பத்து நாலு புள்ளி இரண்டு போனால் அறுபத்தைந்து. ஒன்பது கிலோ. நாய் தின்று தின்று நாலு கிலோ ஏறி, அவருடைய ஒன்பதில் நாலை மூடி மறைத்திருக்கிறது.

இருந்தும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். தொழில் பழக்கம். எண் வந்தது. 65.0.

மனைவி நாயின் கழுத்திலிருந்து கையை எடுக்காமல் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள். சுவரில் இருந்த எண்ணைப் பார்த்தாள், பிறகு பெல்ட்டில் அவர் போட்ட ஓட்டைகளைப் பார்த்தாள். மூன்று இருந்தன. சிரிப்பு முகத்தில் பாதியில் நின்றுபோயிருந்தது.

டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "நான் நாய்க்குத்தான் டாக்டர். ஆனா நேத்து போன்ல நான் சொன்னதெல்லாம்..."

"தெரியுது," என்றார் அவர். "மூட்டைக்கு எவ்வளவு குடுக்கணும், அதைச் சொல்லுங்க."

"ரெண்டு சதவீதம். முப்பதுக்கு. அறுநூறு."

நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். நானூற்றெண்பது சதை, அறுபது எலும்பு, முப்பது ஈரல், முப்பது சுவரொட்டி. இந்தத் தடவை அரை கிராம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், நாலு நாள் கழித்து வரச் சொன்னார்கள். டாக்டர் சின்ன வயசு. மேசைமேல் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, "எடை எப்பலருந்து குறையுது? தோராயமா சொன்னாப் போதும்," என்றார்.

தோராயம் என்ற வார்த்தை எடைக்காரருக்குப் பிடிக்காது. நீல நோட்டை எடுத்து நீட்டினார். டாக்டர் புரட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக, கோடு போட்டு, புள்ளி வைத்து, பதினோரு வாரம்.

"இதுல ஈரல், எலும்புன்னு என்னவோ..."

"அது நாயோட நோட்டு சார்," என்றாள் மனைவி.

"இவரோடது?"

"ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்து கிடக்கு," என்றார் அவர். "முதல் வாரமும் கடைசி வாரமும் தெரியும். நடுவுல எந்த வாரம் யார் எவ்வளவுன்னு இப்பப் பிரிக்க முடியாது. நான் நாலு நாளா உக்காந்து பாத்துட்டேன்."

டாக்டர் நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். கணையத்தில் என்றார். ஈரலில் நாலு இடத்தில் என்றார். பேனா முனையால் படத்தில் ஈரலைத் தொட்டுக் காட்டினார். அந்த வடிவம் எடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். வாராவாரம் பலகையில் வைத்து அறுத்திருக்கிறார். மனுஷனுக்கு ஒண்ணரைக் கிலோ இருக்கும் என்று டாக்டர் சொன்னபோது, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "இது இப்ப எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார். டாக்டர் பேனாவை மூடினார்.

பிறகு அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு மனைவியை மட்டும் நிறுத்திக்கொண்டார். கதவு சாத்தியிருந்தது. பெஞ்சுக்கு எதிரே ஒரு எடை மெஷின் இருந்தது. அவர் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், ஏறவில்லை.

அவள் வெளியே வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள். முன்முடி ஈரமாக இருந்தது.

"என்ன சொன்னார்?"

"மருந்து எழுதிக் குடுத்திருக்கார். வலிக்கு. நல்லாச் சாப்பிடணுமாம்."

"நல்லான்னா? எவ்வளவுன்னு சொன்னாரா?"

அவள் பையில் சீட்டை மடித்து வைத்தாள். எடுத்தாள். இன்னொரு மடிப்பு மடித்து வைத்தாள்.

"அளவெல்லாம் இல்லையாம். நீங்க கேட்டதைக் குடுக்கச் சொன்னார்."

அவள் சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே கேட்டது. இருவரும் ஆஸ்பத்திரி நடைகூடத்தில் அப்படியே நின்றார்கள். ஒரு தள்ளுவண்டிக்காரன், "கொஞ்சம் ஓரமா நில்லுங்கம்மா," என்று சொல்லிக்கொண்டு போனான்.

"சரி," என்றார் எடைக்காரர். "வா. அதுக்குப் பசிக்கும்."

வழியில் ரொட்டிக்கடை வந்தது. இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கட்டிலிலிருந்து இறங்கவில்லை. தலையணையை முதுகுக்கு வைத்து நிமிர்ந்து உட்கார்ந்து, மெஷினைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போடச் சொன்னார். மனைவி மூட்டையைத் தூக்கப் போனாள்.

"அதை விடு. முதல்ல நீ மட்டும் ஏறு."

"என் எடை எனக்குத் தெரியும். ஐம்பத்தெட்டு."

"எப்பத் தெரியும்? ஏறுன்னா ஏறு."

ஏறினாள். கட்டிலிலிருந்து குனிந்து அவரே படித்தார். ஐம்பத்து நாலு புள்ளி மூன்று.

இருவரும் அந்த எண்ணைப் பார்த்தார்கள்.

"ஒரு வாரமா எனக்கும் சாப்பாடு இறங்கலைங்க. அதான். வேற ஒண்ணுமில்ல," என்றாள்.

"அதைத்தான் நானும் சொன்னேன்," என்றார். "நாளைக்குப் போய் ரத்தம் குடுத்துட்டு வா. அழாத. ஏறினவ இறங்காத, இப்ப நாயைத் தூக்கு."

தூக்கினாள். தடுமாறி, சுவரில் தோளைச் சாய்த்து, பிறகு சுவரை விட்டு நின்றாள். மூட்டை அவள் காதை நக்கியது. எண்பத்தெட்டு புள்ளி ஒன்று. அவர் நோட்டில் கழித்தார். 33.8. நாய் வாரத்தில் நானூறு கிராம் இறங்கியிருந்தது. கணக்கு சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஒவ்வொரு தடவையும் முதல்ல நீ மட்டும் ஏறணும்," என்றார். "போன வாரத்து எண்ணை வெச்சுக் கழிக்காத. யார் இருந்தாலும் இல்லாட்டாலும்."

நோட்டில் அவள் பெயருக்கு ஒரு வரிசை, நாய்க்கு ஒரு வரிசை என்று நடுவில் கோடு இழுத்தார். அவள் சமையலறைக்குப் போனாள். தராசில் கிண்ணத்தை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கும் சத்தம் கேட்டது. மூட்டை பின்னாலேயே ஓடியது.

"ஈரல் முப்பது," என்று கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார்.

"முப்பத்திரண்டு இருக்குங்க."

"ரெண்டை எடு."